ஜிபிஎஸ் போனால் உங்கள் பேக்கப் என்ன காட்டும்?

சிறிய விமானம் ஓட்டுபவர்களை ஹேங்கரில் சந்திக்கும்போது நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஜிபிஎஸ் சிக்னல் போய்விட்டால் இந்தப் பேக்கப் கருவி என்ன காட்டும்?" பெரும்பாலானவர்கள் உடனே வழியைத்தான் நினைக்கிறார்கள். "விஓஆர் (தரையிலிருந்து வழிகாட்டும் ரேடியோ) இருக்கிறது, பழைய முறையில் போய்ச் சேர்ந்துவிடுவேன்" என்பார்கள். நான் கேட்பது வேறு. இறக்கை சமமாக இருக்கிறதா, மூக்கு மேலே தூக்கியிருக்கிறதா என்று காட்டும் செயற்கை அடிவானம் இருக்கிறதே, மேலே நீலமும் கீழே பழுப்புமான அந்தச் சின்னத் திரை, அது ஜிபிஎஸ் இல்லாமல் உண்மை சொல்லுமா? இதற்கு உறுதியாகப் பதில் சொன்னவர்கள் மிகச் சிலர். தங்கள் உயிரை ஒப்படைத்திருக்கும் கருவியைப் பற்றிய கேள்வி இது என்பதால்தான் எனக்கு இதில் இவ்வளவு அக்கறை.

நான் கலிபோர்னியாவில், சான் ஹோசே பக்கம், ஒரு ஃப்ளையிங் கிளப்பின் செஸ்னா 172 விமானத்தை ஓட்டுகிறேன். மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் இன்ஸ்ட்ருமெண்ட் ரேட்டிங் உண்டு. எங்கள் விமானம் பழைய காலத்து வட்ட முள் கருவிகள் கொண்டது. அதில் கையடக்கமான மின்னணுப் பேக்கப் ஒன்றை ஒட்டிவைத்துப் பல வருடங்களாகப் பறந்து வருகிறேன். அந்த அனுபவத்தில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அடிவானக் கருவி ஏன் இவ்வளவு முக்கியம் என்பது. மேகத்துக்குள் நுழைந்ததும் கண்ணுக்கு வெளியே ஒன்றும் இல்லை. சமநிலையைச் சொல்ல உள்காது மட்டும்தான் மிச்சம். விமானம் ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருந்தால் கொஞ்ச நேரத்தில் உள்காது அந்தத் திருப்பத்தை உணர்வதையே நிறுத்திவிடும். 100 நாட் (மணிக்கு 100 கடல் மைல்) வேகத்தில், நொடிக்கு 3 டிகிரி வீதம் திரும்பும் சாதாரணத் திருப்பத்தில் விமானம் சுமார் 15 டிகிரி சாய்ந்திருக்கும். அப்போது உடல் எடை கூடுவது மூன்றரை சதவீதம்தான். அதுவும் நேராக இருக்கையை நோக்கியே அழுத்தும். கண்ணை மூடினால் நேராகப் பறப்பது போலவே இருக்கும். 1954-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை இதே நிலைக்கு உட்படுத்திப் பார்த்தார்கள். 20 பேருமே விமானத்தைக் கட்டுப்பாட்டிலிருந்து விட்டார்கள். சராசரியாக அதற்கு ஆன நேரம் 178 நொடி.

இந்த உடல் குறைபாட்டை ஈடுகட்டத்தான் வேகமாகச் சுழலும் சக்கரம் கொண்ட கைரோ வந்தது. பழைய பேனலில் ஆறு வட்டங்கள். வேகம், உயரம், ஏற்ற இறக்க வீதம் ஆகிய மூன்றும் காற்றழுத்தத்தில் ஓடும். அடிவானமும் திசைகாட்டும் கைரோவும் இன்ஜினோடு சுற்றும் வேக்குவம் பம்பில் ஓடும். விமானம் திரும்பும் வீதத்தைக் காட்டும் டர்ன் கோஆர்டினேட்டர் மின்சாரத்தில் ஓடும். மூன்று மூலங்கள், ஒன்றோடு ஒன்று சம்பந்தமில்லாதவை. பம்ப் செத்தாலும் டர்ன் கோஆர்டினேட்டரும் வேகமானியும் உயரம் காட்டும் அல்டிமீட்டரும் தொடர்ந்து வேலை செய்யும். அந்த மூன்றை வைத்துக்கொண்டு உயிரோடு தரையிறங்க முடியும். இன்ஸ்ட்ரக்டர்கள் தலைமுறை தலைமுறையாகக் கற்றுக்கொடுத்தது அதைத்தான்.

இப்போது பல பேனல்களில் அந்த அமைப்பு மாறிவிட்டது. கார்மின் ஜி5 போன்ற கருவிகளுக்கு 2016-லிருந்து சான்றிதழ் பெற்ற பழைய விமானங்களிலும் இடம் கிடைத்தது. விலை குறைவு, எடை குறைவு, விமானத்தின் மின்சாரம் போனாலும் உள்ளிருக்கும் பேட்டரியில் நான்கு மணி நேரம் வரை ஓடும். வேக்குவம் பம்பை முற்றாகக் கழற்றிவிட்டு இரண்டு மின்னணுத் திரைகளைப் பொருத்தியவர்கள் நிறையப் பேர். இந்த மாற்றம் நல்லது என்றே நினைக்கிறேன். கரித்தகடு வைத்த உலர் பம்புகள் முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும், அவற்றின் மீது எனக்குப் பாசம் எதுவும் கிடையாது. ஆனால் புதிய கருவி எதைச் சாப்பிட்டு உயிர் வாழ்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் அதை நம்பக் கூடாது.

மின்னணு அடிவானத்தின் உள்ளே சுழலும் சக்கரம் இல்லை. ஒரு சில்லு மேல் மூன்று திசைகளுக்கும் கைரோ உணரிகளும் முடுக்க உணரிகளும் உண்டு. இந்தத் தொகுப்பை ஏஹார்ஸ் என்பார்கள். சின்ன விமானங்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கும் கைரோ உணரிகள் கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொண்டே போகும். விட்டுவிட்டால் சில நிமிடங்களில் காட்டும் சாய்வு நம்பத்தகாததாகிவிடும். அதனால் மென்பொருள் அடிக்கடி "கீழ் எந்தப் பக்கம்?" என்று முடுக்க உணரியைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும். நேராகப் பறக்கும்போது அந்தப் பதில் சரி. திரும்பும்போது? முடுக்க உணரி உணர்வது புவியீர்ப்பையும் திருப்பத்தின் விசையையும் சேர்த்த கூட்டு விசையை. சீரான திருப்பத்தில் அந்தக் கூட்டு விசை விமானத்தின் தரைப்பலகைக்கு நேர் செங்குத்தாக இருக்கும். ஆக, 15 டிகிரி சாய்ந்திருக்கும்போதும் உணரி "சமமாக இருக்கிறோம்" என்றே சொல்லும். நம் உள்காது எந்த இடத்தில் ஏமாறுகிறதோ அதே இடத்தில்தான் இந்தச் சில்லும் ஏமாறுகிறது.

இந்த ஏமாற்றத்திலிருந்து அதை மீட்க வெளியிலிருந்து ஒருவர் வேகம் சொல்ல வேண்டும். வேகமும் திரும்பும் வீதமும் தெரிந்தால் திருப்பத்தின் விசையைக் கணக்கிட்டுக் கழித்துவிடலாம், மிச்சம் இருப்பது புவியீர்ப்பு. நாம் மேலே பார்த்த 100 நாட் திருப்பத்தில் கழிக்க வேண்டியது நொடிக்கு நொடி சுமார் 2.7 மீட்டர் என்ற முடுக்கம், புவியீர்ப்பில் நான்கில் ஒரு பங்குக்கு மேல். வேகம் சொல்ல இரண்டே வழிகள்தான் சிறிய விமானத்தில் உண்டு. ஒன்று எதிரே மோதும் காற்றின் அழுத்தத்தை வைத்து வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய், மற்றது ஜிபிஎஸ். பிட்டோ இணைப்பே இல்லாத கையடக்கக் கருவிக்கு ஜிபிஎஸ் மட்டும்தான். திரையில் வரைபடமே இல்லாவிட்டாலும், வழிகாட்டும் வேலையே செய்யாவிட்டாலும், அடிவானக் கோட்டை நிமிர்த்தி வைத்திருப்பது வானத்திலிருந்து வரும் அந்த மெல்லிய சிக்னல்தான்.

இதை யார் சொல்லியும் நான் நம்ப வேண்டியிருக்கவில்லை, பறந்தே பார்த்தோம். தெளிந்த வானம், சென்ட்ரல் வேலியின் வயல்களுக்கு மேலே, வலது இருக்கையில் எனக்குப் பழக்கமான இன்ஸ்ட்ரக்டர். என் கையடக்கக் கருவியின் ஆண்டெனா பகுதியை அலுமினியத் தாளால் நன்றாகச் சுற்றினோம். கொஞ்ச நேரத்தில் வேகமும் உயரமும் கோடுகளாகிவிட்டன. அடிவானம் மட்டும் நின்றது, அழகாக, அசையாமல். அப்படியே இடது பக்கம் சீரான திருப்பத்துக்குள் போனேன். தொடக்கத்தில் 15 டிகிரி என்று சரியாகவே காட்டியது. அரை வட்டம் முடிவதற்குள் கோடு மெல்லச் சமமாகத் தொடங்கியது. முழு வட்டம் முடிந்தபோது கிட்டத்தட்ட நேராகப் பறப்பதாகக் காட்டியது, வெளியே பார்த்தால் இடது இறக்கை வயலைக் குத்திக்கொண்டிருக்கிறது. பிறகு இறக்கைகளை உண்மையிலேயே சமமாக்கினேன். உடனே கருவி வலது பக்கம் சாய்ந்திருப்பதாகக் காட்டியது.

"மேகத்துக்குள் இருந்தால் இதைப் பார்த்து எந்தப் பக்கம் திருப்புவீர்கள்?" என்று கேட்டார் இன்ஸ்ட்ரக்டர். இடது பக்கம். அதாவது, இப்போதுதான் வெளியே வந்த அதே திருப்பத்துக்குள் மறுபடியும். தாளைப் பிரித்துவிட்டு அதே வட்டத்தைச் சுற்றினோம். கோடு 15 டிகிரியிலேயே கடைசிவரை நின்றது.

இந்தச் சோதனையில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது பிழையின் அளவு அல்ல. எந்த எச்சரிக்கையும் வராமல், படம் அதே தெளிவோடு தொடர்ந்ததுதான். வேகமும் உயரமும் மறைந்தது மட்டுமே அடையாளம். அந்த இரண்டு எண்கள் மறைந்தால் அடிவானத்தையும் நம்பக் கூடாது என்று தெரிந்திருந்தால் மட்டுமே அது அடையாளமாகப் பயன்படும். பழைய இயந்திரக் கைரோவிலும் இந்த வகைப் பிழை உண்டு. நீண்ட திருப்பத்துக்குப் பின் அது சில டிகிரி தவறாகக் காட்டும் என்று பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் அது சில டிகிரி, விரைவில் சரியாகிவிடும்.

பேனலில் பொருத்தும் சான்றிதழ் பெற்ற கருவிகள் இதைவிட நன்றாக நடந்துகொள்ளும். அவற்றுக்குப் பிட்டோ இணைப்பும் உண்டு, ஜிபிஎஸ் போனால் காற்று வேகத்தை வைத்துக் கணக்கைத் தொடரும். எல்லாக் கருவிகளையும் பெரிய திரைகளில் காட்டும் கார்மின் ஜி1000 அமைப்பின் கையேட்டில் இது வெளிப்படையாகவே இருக்கிறது. ஜிபிஎஸ் வேலை செய்யும்வரை காற்றுத் தரவு போனாலும் அடிவானத்துக்குப் பாதிப்பில்லை. ஜிபிஎஸ்ஸும் போய்க் காற்றுத் தரவும் போனால் அடிவானமும் திசையும் சேர்ந்தே போகும், திரையில் பெரிய சிவப்புப் பெருக்கல் குறி விழும். அது நேர்மையான முடிவு. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் கருவியை நான் மதிக்கிறேன்.

ஆனால் அந்த இரண்டும் ஒரே நாளில் போகுமா என்று கேட்பவர்கள் உண்டு. ஜிபிஎஸ் இடையூறு இருக்கும் பகுதியில் மேகத்துக்குள் பறக்கிறீர்கள், உறைநிலை, பிட்டோ சூடேற்றியின் ஃபியூஸ் போயிருக்கிறது. அவ்வளவுதான் வேண்டியது. ஒரே பிட்டோ குழாயிலிருந்து கிளை எடுத்து, ஒரே மாதிரி மென்பொருள் ஓடும் இரண்டு திரைகளை அக்கம்பக்கமாக வைத்துவிட்டு "எனக்கு இரண்டு இருக்கிறது" என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. பெட்டி கெட்டால் இரண்டாவது பெட்டி உதவும். பெட்டிக்கு வரும் தகவல் கெட்டால் இரண்டும் சேர்ந்தே கெடும்.

என் அக்கா மகன் இந்தியாவில் விமானப் பயிற்சியில் இருக்கிறான், அவன் பள்ளியில் ஜி1000 பொருத்திய செஸ்னா 172. ஒருநாள் பேசும்போது, "மாமா, எங்க ப்ளேன்ல ரெண்டு பெரிய ஸ்கிரீன். ஒண்ணு போனா இன்னொண்ணுல அப்படியே வந்துடும்" என்றான். "ஸ்கிரீன் ரெண்டுடா, ஏஹார்ஸ் எத்தனை?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் மௌனம். மறுநாள் கையேட்டின் படத்தை எடுத்து அனுப்பினான். ஒன்றுதான். அவன் பேனலின் அடியில் தனியாக இருக்கும் மூன்று சின்ன முள் கருவிகளை அதுவரை யாரும் சோதித்துப் பார்க்கச் சொன்னதில்லையாம். இப்போது ஒவ்வொரு முறையும் பார்க்கிறான்.

அவன் நாட்டில் இது வெறும் பாடப்புத்தக விஷயமும் அல்ல. 2023 நவம்பரில், இந்திய விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ, ஜிபிஎஸ் இடையூறு பற்றி விமான நிறுவனங்களுக்கு அறிவுறுத்தல் வெளியிட்டது. 2023 நவம்பருக்கும் 2025 பிப்ரவரிக்கும் இடையில் எல்லைப் பகுதிகளில், பெரும்பாலும் அமிர்தசரஸ், ஜம்மு வட்டாரத்தில், 465 இடையூறு நிகழ்வுகள் பதிவானதாக மக்களவையில் அரசே சொல்லியிருக்கிறது.

அமெரிக்காவின் மேற்கில் எங்களுக்கு வேறு வகை இடையூறு. சைனா லேக் போன்ற ராணுவச் சோதனைத் தளங்களில் வேண்டுமென்றே ஜிபிஎஸ்ஸை அடைத்துப் பயிற்சி செய்வார்கள். முன்கூட்டியே நோட்டாம் என்ற பைலட்டுகளுக்கான அறிவிப்பு வரும், அதில் சொல்லப்படும் பரப்பு பல நூறு கடல் மைல் வரை விரியும், உயரம் கூடக்கூட வட்டம் பெரிதாகும். 2016 ஜூன் மாதம் வந்த அறிவிப்பில், எம்ப்ரேயர் ஃபீனம் 300 விமானங்கள் அந்தப் பகுதியைத் தவிர்க்க வேண்டும் என்றும், ஜிபிஎஸ் இழப்பால் பறப்புக் கட்டுப்பாட்டு அமைப்புகள் பாதிக்கப்படலாம், கூர்ந்து கவனிக்க வேண்டும் என்றும் பெயர் குறிப்பிட்டே எழுதியிருந்தார்கள். அது சிறிய ஜெட். வழிகாட்டியின் சிக்னல் போவது விமானம் பறக்கும் விதத்தையே தொடக்கூடும் என்று அரசு அறிவிப்பிலேயே பார்த்தது, எங்கள் கிளப்பில் பலரை நிமிர்ந்து உட்கார வைத்தது.

அப்படி ஒரு நோட்டாம் நடப்பில் இருந்த நாளில், டெஹாச்சபி கணவாயைத் தாண்டி ஓவன்ஸ் பள்ளத்தாக்கு வழியாக வடக்கே பிஷப் நோக்கிப் போனேன். வானம் கண்ணாடி போலத் தெளிவு, இடது பக்கம் சியரா மலைகள், கீழே 395 நெடுஞ்சாலை. வழி தவற வாய்ப்பே இல்லை, அதனால்தான் போனேன். இன்யோகர்ன் கடந்து கொஞ்ச தூரத்தில் முதலில் டேப்லெட்டின் விமானப் புள்ளி நின்றது. பிறகு பேனல் ஜிபிஎஸ்ஸில் எச்சரிக்கை. பிறகு என் கையடக்கப் பேக்கப்பில் வேகமும் உயரமும் கோடுகளாயின. மூன்றும் வெவ்வேறு கருவிகள், மூன்றுக்கும் தனித்தனி ஆண்டெனா, தனித்தனி பேட்டரி. போனது ஒன்றாகத்தான். அந்தப் பகுதியின் விமானக் கட்டுப்பாட்டு மையமான ஜோஷுவா அப்ரோச்சுக்குச் சொன்னேன். அவர்களுக்கு அது புதிய செய்தி அல்ல, நிதானமாகக் குறித்துக்கொண்டார்கள். பறப்புப் பாதுகாப்பே கேள்விக்குள்ளானால் "ஸ்டாப் பஸ்ஸர்" என்று சொல்லிச் சோதனையை நிறுத்தக் கேட்கலாம். எனக்குத் தேவைப்படவில்லை. ஆனால் அந்தச் சொல் தெரிந்திருக்க வேண்டும், உண்மையான ஆபத்தில் மட்டுமே அதைச் சொல்ல வேண்டும்.

ஜிபிஎஸ் மறைவது ஒரு வகை, பொய் சொல்வது இன்னொரு வகை. போலி சிக்னல் அனுப்பும் ஸ்பூஃபிங்கில் எண்கள் மறையாது, தவறான எண்கள் உறுதியோடு வரும். பெரிய விமானங்களில் கடிகாரம் தாவுவதும், சமவெளிக்கு மேல் "மலை வருகிறது, மேலே ஏறு" என்று எச்சரிக்கை ஒலிப்பதும் பதிவாகியிருக்கின்றன. அதனால் நான் ஜிபிஎஸ் எண்ணை எப்போதும் இன்னொரு எண்ணோடு ஒட்டிப் பார்ப்பேன். கணக்கிட்ட காற்றோடு ஜிபிஎஸ் தரை வேகம் பொருந்தவில்லை என்றால் முதலில் சந்தேகப்படுவது ஜிபிஎஸ்ஸை.

இனி வேகமும் உயரமும். பிட்டோ இல்லாத கருவி காட்டும் வேகம் தரை வேகம். 2012-ல் வந்த டைனான் டி1 போன்றவை இதை மறைக்கவில்லை, அது ஜிபிஎஸ் எண் என்று திரையிலேயே போட்டுவிடும். ஆனால் பதற்றத்தில் கண் எண்ணைத்தான் பார்க்கும், பக்கத்தில் இருக்கும் சின்ன எழுத்தைப் பார்க்காது. 172-ல் தரையிறங்க வரும்போது 65 நாட் வைப்போம். பின்னாலிருந்து 20 நாட் காற்று வீசும் கட்டத்தில் ஜிபிஎஸ் 65 காட்டினால் இறக்கை உணர்வது 45. ஃப்ளாப் (இறக்கையின் பின்னோர மடிப்பு) இறக்காத 172எஸ் 48 நாட்டிலேயே ஸ்டால் ஆகிவிடும், அதாவது இறக்கை தூக்கும் விசையை இழந்துவிடும். எதிர்க்காற்றில் தலைகீழ், 40 என்று காட்டும்போது நீங்கள் நன்றாகவே பறந்துகொண்டிருப்பீர்கள். ஆல்டமாண்ட் கணவாய்ப் பக்கம் பிற்பகல் காற்றில் பறந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். என் விமானத்தில் அந்த எண்ணின் மேல் சிறிய டேப் ஒட்டியிருக்கிறேன். பிட்டோ அடைத்துக்கொண்டால் மட்டும் டேப்பைப் பிரிப்பேன். அப்போதும் முதலில் இன்ஜின் ஆர்பிஎம்மையும் மூக்கின் கோணத்தையும் வைத்துத்தான் பறப்பேன், ஜிபிஎஸ் வேகம் அதைச் சரிபார்க்க மட்டும்.

உயரத்திலும் இதே கதை. கோடையில் சென்ட்ரல் வேலிக்கு மேல் 9,500 அடியில் வெப்பம் வழக்கமான அளவைவிட 20 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்கும் நாட்கள் உண்டு. அப்போது ஜிபிஎஸ் உயரம் அல்டிமீட்டரைவிடச் சுமார் 700 அடி அதிகமாகக் காட்டும். இரண்டும் தத்தம் வழியில் சரி. ஆனால் வானத்தில் மற்ற எல்லாரும், கண்ட்ரோலரும், அல்டிமீட்டரை வைத்துத்தான் பிரிந்து பறக்கிறார்கள். நீங்கள் மட்டும் ஜிபிஎஸ் உயரத்தைப் பிடித்துக்கொண்டு பறந்தால் வேறொருவரின் உயரத்துக்குள் போய்விடுவீர்கள்.

இதையெல்லாம் படித்து, கையடக்கப் பேக்கப் வேண்டாம் என்று முடிவுகட்ட வேண்டாம். எனக்கு அது உண்மையாகவே கைகொடுத்திருக்கிறது. ஒரு குளிர்காலம், சாக்ரமெண்டோவிலிருந்து திரும்பும் வழி, நல்ல மழை மேகத்துக்குள். வேக்குவம் அழுத்த முள் கீழே விழுந்திருப்பதைப் பார்த்தேன். அடிவானக் கருவி அப்போதும் சரியாகத்தான் இருப்பது போலிருந்தது. அதுதான் இந்தக் கோளாறின் குணம். பம்ப் நின்றதும் கைரோ உடனே விழாது, சுழற்சி குறையக் குறையச் சில நிமிடங்களில் மெல்லச் சாயும், ஓட்டுபவரும் கூடவே சாய்வார். டர்ன் கோஆர்டினேட்டர் நேர் என்றது, கையடக்கக் கருவியும் நேர் என்றது. இரண்டும் வெவ்வேறு காரணத்தால் வேலை செய்பவை, இரண்டும் ஒத்துப்போயின. சாயத் தொடங்கிய கருவியின் மேல் மஞ்சள் ஒட்டுத்தாளை ஒட்டி மறைத்தேன். விமானக் கட்டுப்பாட்டு மையமான நார்கால் அப்ரோச்சிடம் வேக்குவம் போனதைச் சொன்னேன். பெரிய திருப்பங்கள் இல்லாமல் லிவர்மோர் 25 வலது ஓடுபாதையில் இறங்க வழிகாட்டும் ரேடியோ அமைப்பான ஐஎல்எஸ்ஸுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். வேக்குவம் பம்புக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அதனால் பம்ப் போகும் நாளுக்கு ஜிபிஎஸ்ஸை நம்பும் பேக்கப் மிக நல்ல துணை. பேக்கப் நல்லதா கெட்டதா என்ற கேள்விக்குத் தனியாகப் பதில் கிடையாது, எந்தக் கோளாறுக்குப் பேக்கப் என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

இடமும் முக்கியம். 2000 அக்டோபரில் மிசூரி ஆளுநர் மெல் கார்னஹான் பயணித்த செஸ்னா 335 இரவில், மேகத்துக்குள், இடப்பக்க அடிவானக் கருவி செயலிழந்த நிலையில் விழுந்தது. ஓட்டிய அவர் மகன் உட்பட மூவரும் இறந்தார்கள். வலப்பக்கம் இன்னொரு அடிவானக் கருவி இருந்தது. அதைப் பார்க்க ஒவ்வொரு முறையும் தலையைத் திருப்ப வேண்டும், கொந்தளிக்கும் மேகத்துக்குள் தலையைத் திருப்புவதே திசை உணர்வைக் குலைத்துவிடும். அமெரிக்க விபத்து விசாரணை அமைப்பான என்டிஎஸ்பி, திசை உணர்வு குழம்பியதைக் காரணமாகவும், முதன்மை அடிவானக் கருவியின் கோளாற்றைத் துணைக் காரணமாகவும் சொன்னது. அதைப் படித்த பிறகு என் கையடக்கக் கருவியை வலப்பக்க ஜன்னல் ஓரத்திலிருந்து எடுத்து, வேகமானிக்கு நேர் கீழே, கண் மட்டும் அசைந்தால் போதும் என்ற இடத்துக்குக் கொண்டுவந்தேன். அசையாத பிடிப்பான் வேண்டும். ரப்பர் கப்பில் ஒட்டிய கருவி வெயிலில் நழுவிச் சாய்ந்தால் அடிவானமும் அதோடு சாயும். டேப்லெட்டை மட்டும் பேக்கப்பாக நம்புபவர்கள் கோடை வெயிலில் அது சூடாகி அணைந்துபோவதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

உங்கள் கருவியைச் சோதிக்க நினைத்தால், தெளிவான வானத்தில், இன்னொரு பைலட் வெளியே பார்த்துக்கொண்டிருக்க, ஆண்டெனாவை மூடிச் செய்யுங்கள். ஜாமர் என்று விற்கும் எதையும் தொடாதீர்கள். அமெரிக்காவில் அது சட்ட விரோதம், எங்கோ இறங்கிக்கொண்டிருக்கும் இன்னொரு விமானத்தின் வழியையும் அது அடைக்கும். இரண்டு பக்கமும் முழு வட்டம் சுற்றிப் பாருங்கள். தரையில் மேசைமேல் வைத்து ஆட்டிப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது, அங்கே திருப்பத்தின் விசை இல்லை. கையேட்டில் "ஜிபிஎஸ் இல்லாத நிலை" பற்றிய பகுதியைத் தேடுங்கள். அப்படி ஒரு பகுதியே இல்லாத கருவியை வாங்க வேண்டாம் என்பேன்.

பழைய ஆட்டோபைலட் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். சில அடிவானக் கருவியைப் பார்த்து ஓட்டும், சில டர்ன் கோஆர்டினேட்டரைப் பார்த்து ஓட்டும். முதல் வகை, சாகும் கைரோவின் பின்னாலேயே விமானத்தையும் சாய்த்துக்கொண்டு போகும். இரண்டாம் வகை வேக்குவம் போனாலும் இறக்கையைச் சமமாக வைத்திருக்கும், மேகத்துக்குள் அதைவிடப் பெரிய உதவி இல்லை.

எங்கள் கிளப்பில் இப்போது பேனலைப் புதுப்பிக்கும் பேச்சு நடக்கிறது. 2003-லிருந்தே அமெரிக்க விமானத் துறை ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏ, டர்ன் கோஆர்டினேட்டருக்குப் பதில் இரண்டாவது அடிவானக் கருவியை வைத்துக்கொள்ள வழி சொல்லியிருக்கிறது. இடம் மிச்சமாகும் என்று அதைக் கழற்றச் சொல்பவர்கள் கிளப்பில் உண்டு. நான் கழற்ற வேண்டாம் என்கிறேன். ஜிபிஎஸ்ஸையும் பிட்டோவையும் வேக்குவத்தையும் கேட்காமல், மின்சாரம் ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு "திரும்புகிறாய், திரும்பவில்லை" என்று சொல்லும் கடைசிக் கருவி அது. எத்தனை திரை வந்தாலும் அதற்கு ஒரு வட்ட ஓட்டை பேனலில் இருக்கட்டும்.

கையில் இருக்கும் பணம் குறைவு, எதை முதலில் செய்வது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. முதல் செலவு இன்ஸ்ட்ரக்டரின் சில மணி நேரம். அடிவானத்தை மூடிவைத்து, டர்ன் கோஆர்டினேட்டர், வேகம், உயரம் மூன்றை மட்டும் வைத்து ஓட்டிப் பழகுங்கள், ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது. அடுத்தது பிட்டோ சூடேற்றியும் டர்ன் கோஆர்டினேட்டரும் ஒழுங்காக இருக்கின்றனவா என்ற பராமரிப்பு. சூடேற்றியைச் சில நொடி போட்டுவிட்டுக் கையால் அருகே தொட்டுப் பார்க்கக் காசே வேண்டாம். அதன் பிறகு பிட்டோ இணைப்புள்ள, சொந்த பேட்டரியுள்ள மின்னணு அடிவானம். கையடக்கக் கருவி கடைசியில். அதை வாங்கினால், வாங்கிய வாரமே அலுமினியத் தாளோடு ஒரு தெளிந்த பிற்பகலில் மேலே போய், அது எப்போது பொய் சொல்லும் என்று உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடுங்கள்.